கிடைத்த ஆழம்

முகுந்தராயர் சத்திரத்துக்குக் கிழக்கே
உடைமரம் மண்டிய மேட்டில்
கயிறு கட்டிப் பன்னிரண்டு கட்டம் போட்டோம்.
மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒன்பது.
மற்றதைக் காற்று மூடிவிட்டிருந்தது.
"கச்சானுக்கு மட்டும் அனுமதிக் கடிதம் வேண்டியதில்லை"
என்றார் ஹெட்மாஸ்டர் சார்.
சிரித்தாரா தெரியவில்லை, வாயில் துண்டு கட்டியிருந்தார்.

பாசி எடுக்கத் தடைக்காலம்.
விரலில் சுற்றும் துணியெல்லாம் கொடியில் காய்கிறது.
கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று
பதிவேட்டை என்னிடம் கொடுத்தார்கள்.
பொருள். கட்டம். கிடைத்த ஆழம். குறிப்பு.
பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேல் வைத்து
நானே கோடு போட்டேன்.

சல்லடை போதாமல் நம்புவேல்
றால் வலையைச் சட்டத்தில் அடித்துக் கொண்டுவந்தான்.
நிலக்கரிச் சில்லு விழுந்தது. கோப்பையின் காது மட்டும் ஒன்று.
சோடாக் கோலி; அதை மூன்று பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை.
கருங்கல் ஜல்லி, கூடை கூடையாக.
இந்தத் தீவில் ஏது கருங்கல்?
கையில் எடுத்தால் வேறு ஊரின் கனம்.

தண்டவாளம்தான் இல்லை.
கட்டைகள் கிடந்த பள்ளம்கூட
கறுப்பாய், வரிசையாய், விலாவெலும்புபோல் தெரிகிறது.
"புயல் கொண்டுபோனது என்று எழுது" என்றார் சார்.
எழுதினேன், பென்சிலில்.

ஏழாம் நாள், ஐந்தாம் கட்டத்தில்
ஜெசிந்தாவின் கரண்டி கணீரென்றது.
ஊதி ஊதித் துடைத்தோம்.
ஒரு சாண் நீளம், சதுர உடம்பு,
நாயின் மூஞ்சிபோல் ஒரு பக்கம் நீண்ட தலை.
தண்டவாளத்தைக் கட்டையோடு கடித்துப் பிடிக்கிற ஆணி.
சார் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.
நாங்கள் வாய் திறக்கவில்லை.
ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.
நான் நம்புவேலைப் பார்த்தேன்.
அவன் கடலைப் பார்த்தான்.

அதுபோல ஒன்றில்தான் என் மகனுக்குத் தொட்டில் கட்டினேன்.
ஜெசிந்தா வீட்டில் அதில் மாதா படம்.
நம்புவேலின் வத்தையை ராத்திரி பிடித்து நிறுத்துவது
மூன்று கோட் பெயின்ட் அடித்தும்
தன் வடிவத்தை விடாத ஒரு துண்டு.

சாயங்காலம் பேச்சு வேறாகிவிட்டது.
ரயில்வே சொத்தாம், வீடு வீடாக வருவார்களாம்.
அன்று ராத்திரி ஊரெல்லாம் சுத்தியல் சத்தம்.
பிடுங்குகிறார்களா, இன்னும் உள்ளே இறக்குகிறார்களா
கேட்டுக் கண்டுபிடிக்க முடியவில்லை.
என் வீட்டுக்காரர் ஏணியைத் தேடினார்.
தொடாதே என்றேன். ஏன் என்றார்.
சொல்லத் தெரியாமல் சோறு போட்டேன்.

மறுநாள் இருபத்திரண்டு பேரில் எட்டுப் பேர்.
லீவு விட்ட பள்ளிக்கூடத்தில்தான் கூடை, கரண்டி எல்லாம்;
எங்களைக் கூப்பிடவும் அந்த மணிதான்.
இன்னும் வருவார்கள் என்று சார்
பூவரசில் தொங்குவதை மறுபடி அடித்தார்.
மறுபடி. மறுபடி.
ஓர் அடியில் கை நின்றது.
அண்ணாந்து பார்த்தார்.
பதினோரு வருஷமாய் அடிக்கிறார்.
ஒன்றரை அடி இரும்பு
சத்தம் அடங்கியும் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று மேட்டுக்குப் போகவில்லை.
பதிவேட்டைக் கேட்டார், பிறகு என்னிடமே தள்ளினார்.
பொருள்: தண்டவாளம், துண்டு.
கட்டம்: வெளியே.
ஆழம் என்ன போட, சார்?
அவர் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நானாக எழுதினேன்:
தரைக்கு மேல் ஆறடி.
குறிப்பு: உபயோகத்தில் இருக்கிறது.

"என் வீட்டு ஆணியையும் எழுது,
பேர் மட்டும் போடாதே" என்றாள் ஜெசிந்தா, என் தோளுக்குப் பின்னாலிருந்து.
எழுதுவதற்கு முன்னால் பழைய பக்கத்தைத் திருப்பி
புயல் என்கிற சொல்லை ரப்பரால் அழித்தேன்.
பாதிதான் அழிந்தது.
சரி, பாதி அதுவும் கொண்டுபோயிருக்கும்.