காரணம்: ஈரம்

ஆனி ஒன்பது.
செங்கோட்டைக் கணவாய் தாண்டி
பேட்டை வரைக்கும் எப்போதாவதுதான் வரும் சாரல்
இன்றைக்கு வந்துவிட்டது.
எஸ்டேட் வாசல் டீக்கடையில்
கிளாஸைக் கையில் பிடித்தபடி
எல்லோரும் முகத்தைத் தூக்கிக் காட்டினார்கள்.
நான் ஓடிப்போய் ஷட்டரை இறக்கினேன்.

சுவரில் ஈரமானி: எழுபத்தெட்டு.
அறுபதுக்கு மேல் ஊற்றக்கூடாது என்று
சிவப்பு மையில் எழுதி ஒட்டியது நான்தான்.

கிரேன் கொக்கியில் இறங்குகிறது
நாலரை மீட்டர் இரும்பு உருளை.
மைதீன் பிச்சை சங்கிலியோடு பேசுகிறார்:
"மெள்ள வே, மெள்ள, பிள்ளத்தாச்சி படி எறங்குத மாரி."
மணலடித்து உரித்த உடம்பு.
விரல் படக்கூடாது. விரலில் எண்ணெய் இருக்கும்,
காலையில் தின்ற பூரிக்கிழங்கு இருக்கும்.
பசை பூசிச் சூடேற்றிய பிறகு
பக்கத்தில் நின்று தும்மக்கூட யோசிப்போம்.

எனக்கு இதில் ஒரு ஆத்தாமை உண்டு.
காகித மில்லில் இதன் வேலை
ஈரத் தாளை அழுத்திப் பிழிவது.
கூழாகி வந்த விடைத்தாள்கள், ரேஷன் பில்,
நின்றுபோன ஏதோ கல்யாணத்தின் பத்திரிகைக் கட்டு,
அத்தனையின் தண்ணீரையும்
இராப்பகலாய் இறுத்துக்கொண்டே சுற்றவேண்டும்.
காலம் முழுக்கத் தண்ணீரில் கிடக்கப்போவது
பிறக்கிற அரைமணி நேரம்
ஒரு சொட்டைத் தாங்காது.

இதே உருளைதான்.
போன ஆடியில் வார்த்தோம்.
போன வாரம் லாரியில் திரும்பி வந்தது
இடுப்பில் ஒரு கொப்புளத்தோடு.
மில்லிலிருந்து வந்த சாலமோன் ராஜா
விரலால் சுண்டினார்: வெற்றுப் பானைச் சத்தம்.
"ஒரு ஷிப்டு போச்சு. தாள் அந்து அந்து விழுந்துட்டு."
எல்லோரும் ரசாயன டிரம்மைத் திட்டினார்கள்.
டிரம் என்ன சொல்லும்.

கத்தியை வைத்தது நான்.
தேன்நிறத் தோல். நகம் இறங்காது.
உள்ளே ஒரு நெல்லிக்காய் அளவு ஒன்றுமில்லை.
அறுத்ததும் ஸ்ஸ் என்று ஏதோ போனது,
அல்லது போனதாக நினைத்துக்கொண்டேன்.

ஈரம் பட்டால் இந்தக் குழம்புக்குள் காற்று பிறக்கும்.
அப்படியானால் அது
போன வருசத்துச் சாரல்.
ஊற்றி முடியுமுன்னே, மூச்சு முட்டுகிறதென்று
பின்கதவை ஒரு சாண் திறந்து
முகத்தை நீட்டினேனே, அது.
ரெண்டு நிமிசம். சரி, ரெண்டரை.
நெற்றியில் விழுந்தது அவ்வளவு இதமாய் இருந்தது.
அந்த ரெண்டரை நிமிசம்
மாதக்கணக்கில் இருட்டில் உருண்டிருக்கிறது
யார் யார் எழுதப்போகும் தாளையோ அழுத்திக்கொண்டு.

வேலைச் சீட்டில் ஒரு கட்டம்: காரணம்.
ஈரம் என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: பொறுப்பு.
மைதீன் பிச்சை எட்டிப் பார்த்தார்.
"சவத்த விடும்மா. சாரல்னு போடு."
உலகம்மை என்று போட்டேன்.
சம்பளத்தில் பிடிப்பார்களாம். எவ்வளவென்று சொல்லவில்லை.

ஐந்தரை மணி.
ஈரம் உறிஞ்சும் மிஷினின் வாளியில்
சொட்டிக்கொண்டிருக்கிறது நாங்கள் விட்ட மூச்சு.
எழுபது. அறுபத்திநாலு.
இருட்டுக்கடைக்காரர்களா நீங்களும் என்று
கிண்டுகிற தொட்டியைப் பார்த்துக் கேட்காத விருந்தாளி இல்லை;
சிரித்து வைப்போம்.
ஐம்பத்தொன்பது.

உருளை சுற்றத் தொடங்குகிறது.
குழாய் முனையிலிருந்து நாடாவாக இறங்குகிறது குழம்பு,
பாதி நாடாவின் மேல் பாதி நாடா ஏறி,
இடமிருந்து வலம், அவசரமில்லாமல்.
விழுந்து சில நொடியில் இறுகிவிடும்.
திருப்பிக் கூப்பிட முடியாது.

வேர்வை புருவத்தில் வந்து நிற்கிறது.
ஒரு எட்டு பின்னால் நகர்ந்துகொள்கிறேன்.
தகரத்தின் மேல் சாரல் விழுகிறது.
காதால் கேட்கலாம்,
அதற்குத் தடையில்லை.