பிரம்பு ஒப்படைப்பு

சுற்றறிக்கை வந்திருந்தது.
வகுப்பறைக் கம்புகளை எல்லாம்
வியாழக்கிழமை பத்து மணிக்குள்
தலைமையாசிரியர் அறையில் ஒப்படைக்க வேண்டும்.
பிறகு உறுதிமொழி. பிறகு ஓவியப் போட்டி.

அலமாரிக்குப் பின்னால் என்னுடையவை ஏழு.
எல்லாமே முறிந்தவை.
முறிந்தபோதெல்லாம்
என் கைக்கு இவ்வளவு வலுவா என்று
கொஞ்சம் பயந்திருக்கிறேன்,
கொஞ்சம் பெருமையும்தான், அதை ஏன் மறைப்பது.

பள்ளிக்குப் பின்னால் வெண்ணாறு.
கம்பு ஒடித்து வருவது முகிலரசன் வேலை.
ஏழாம் வகுப்பு, மூன்றாம் பெஞ்சு,
கொரடாச்சேரி கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு.
சேர்க்க வந்த அன்று அவன் அம்மா
நடவுச் சேறு காயாத காலோடு நின்று
"கண்ணை மட்டும் விட்டுட்டுத்
தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்றாள்.
அவன் என் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்று முறிந்தால் இன்னொன்றுக்கு ஓடுவான்.
வாசலைத் தாண்டினால் கரையெல்லாம் பூவரசு,
ஆனாலும் திரும்ப அரைமணி ஆகும்.
அதற்குள் மணி அடித்துவிடும்,
அல்லது எதற்குக் கோபப்பட்டேன் என்பதே
பின்னங்களைச் சுருக்குவதில் எங்கோ கரைந்திருக்கும்.
சோம்பேறி என்று ஒருநாள் அவனையே அடித்தேன்.
அதுவும் முறிந்தது.

இன்று கட்டாகத் தூக்கியபோதுதான்
கை எதிர்பார்த்த கனம் இல்லை.
முறிந்த முனையில் கண்ணை வைத்தேன்:
குழல். ஒரு கட்டெறும்பு வெளியே வந்தது.
காட்டாமணக்கு.
மதகு தாண்டி வாய்க்காலை அடைத்து நிற்குமே,
ஆடுகூட வாய் வைக்காதே, அது.
அடையாளம் தெரியாதபடி
பட்டையை உரித்து, கணுவைக் கல்லில் தேய்த்து,
இரண்டு கையாலும் பவ்யமாய் நீட்டி,
ஜூனிலிருந்து.

வாசல் பூவரசில் ஒரு கிளை குறையவில்லை.

உறுதிமொழியை நான்தான் மைக்கில் வாசித்தேன்.
"அடிக்க மாட்டோம்" என்று பிள்ளைகளும் சொன்னார்கள்.
அவர்கள் ஏன் சொல்ல வேண்டும் என்று
யாருக்கும் தோன்றவில்லை.
முகிலரசன் வரிசையில் நின்று
சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை நான்.
கேட்டால், மாட்டிக்கொண்டோம் என்று நினைப்பான்.

பதிவேட்டில் ஆறு என்று எழுதினேன்.
ஏழாவது கைப்பையில்.

வீட்டில் அதை மேசைமேல் வைத்ததும்
என் மகள் ஓரடி பின்னால் போனாள்.
"இல்லடி," என்றேன். "பாரு, உள்ளே ஒண்ணுமில்ல."
சோறு வடித்து முடித்த பிறகுதான் கிட்டே வந்தாள்.
எடுத்தாள். ஒரு முனையில் வாய் வைத்து ஊதினாள்.
சத்தம் வரவில்லை.
கொஞ்சம் தூசி வந்தது.