ழ அமுங்காத விசை

பாளையங்கோட்டையில் ஒரு பொறியியல் கல்லூரி.
இரண்டாம் மாடியில்
உடைந்த புரொஜெக்டர்கள் போட்டுவைத்த அறை.
அதில் என்னை உட்காரவைத்து
"நீங்க மனுஷியா இருந்தா போதும்க்கா" என்றான் பையன்.
"வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.
கீபோர்டுல ழ மட்டும் அமுங்காது, பாத்துக்கிடுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று நடுவர்கள்.
ஆளுக்கு இரண்டு பெட்டி.
ஒன்றில் நான்,
ஒன்றில் கடைசி வருடப் பிள்ளைகள் செய்த கோமு.
எது ஆள், எது எந்திரம்,
ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும்.

கோமுவுக்கு எட்டு மாதமாகப்
பஸ் ஸ்டாண்டுப் பேச்சையெல்லாம் ஊட்டினார்களாம்.
எனக்கு ஒன்பது வருடமாக
மின்வாரியப் புகார் மையம் ஊட்டியது நாலே வாக்கியம்.
வணக்கம், ஜெபக்கனி பேசுகிறேன்.
உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.
புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?

முதலில் வக்கீல் ஆவுடையப்பன்.
வயிறு சரியில்லை என்று இரண்டு பெட்டியிலும் அடித்தார்.
என் விரல்கள் என்னைக் கேட்காமலே
உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன் என்றன.
வருந்துகிறோமை வருந்துகிறேன் ஆக்கியதுதான்
அன்றைக்கு நான் மெனக்கெட்டது.
கோமு சொன்னதைப் பிறகு திரையில் காட்டினார்கள்:
"காலைல என்னத்த தின்னிய சார்?
சவத்த விடுங்க, ஒரு சோடா குடிச்சா சரியாப் போவும்."
வக்கீல் சிரித்தது சுவர் வழியே எனக்குக் கேட்டது.

அடுத்து வானொலி நிலையத்து சண்முகவடிவு.
"கடைசியாக எப்போது அழுதீர்கள்?"
அழுதேன் என்று எழுத ழ இல்லை.
எழுதவிலும் ழ இல்லை.
செவ்வாய்க்கிழமையில்கூட இல்லை.
சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அடித்தேன்:
செவ்வாய் அன்று. காரணம் கூற இயலாது.
கோமு தன் பூனையைப் பற்றி
ஏழு வரி சொல்லியிருந்தது.
லாரியில் அடிபட்டதாம். சாக்கில் கட்டிப் புதைத்தார்களாம்.
அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே
என் பெட்டியில் எந்திரம் என்று குறித்தார்கள்.

மூன்றாவது மேலப்பாளையம் பல் டாக்டர் மீராசா.
"வெளிய மழை வருதா?"
"ஆமா டாக்டர், மேக்க இருட்டிட்டு வருது,
துணி வேற காயப்போட்டிருக்கேன்" என்றது கோமு.
நான் திரும்பிப் பார்த்தேன்.
மூன்று சுவர், ஒரு பீரோ.
மை தெரியவில்லை, இங்கே ஜன்னல் கிடையாது
என்று போய் விழுந்தது.
அவர் ஒருவர்தான் என்னை ஆள் என்றார்.
"மழைய மைன்னு அடிக்கணும்னா
அதுக்கொரு மனுசன் வேணும்லா" என்று
மைக்கில் விளக்கம் வேறு.
விசையின் கோளாறு அது என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.
மூன்றில் ஒன்றாவது இருக்கட்டுமே.

கோமுவுக்குக் கோப்பை.
வாங்க நாலு பையன்கள் மேடையேறினார்கள்.
எனக்கு ஐந்நூறு ரூபாய், வெஜிடபிள் பிரியாணி,
ஜெபகணி என்று பெயர் போட்ட சான்றிதழ்.
வெளியே வந்தால் ஒரே அவிச்சல்.
வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

ராத்திரி ஷிப்ட். பத்தே முக்கால்.
களக்காட்டுப் பக்கமிருந்து ஒரு குரல்:
"ஏ தாயி, நீ ரெக்கார்டிங்கா, ஆளா?"
தினமும் நாலு பேராவது கேட்பதுதான்.
இன்றைக்கு என்னவோ தொண்டையில் நின்றது.
"ஆள்தான் அண்ணாச்சி" என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல,
பக்கத்து சீட்டு பொன்னுலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆளோ எந்திரமோ,
கரண்டு எப்ப வரும், அதச் சொல்லு.
இங்கன ஊத்து ஊத்துன்னு ஊத்துது."

தெரியவில்லை என்றேன்.
கணினி அந்நேரம் பார்த்துத் தொங்கிவிட்டதால்
நோட்டில் பேனாவால் குறித்துக்கொண்டேன்:
கீழப்பத்தை. மழை.
மை கொஞ்சம் பரவினாலும்
இரண்டு ழ-வும் வால் சுழித்து
ஒழுங்காக விழுந்திருந்தன.