நூறு மில்லி

இருபது லிட்டர் கேன் போடுகிறவன் நான்.
காட்பாடி காந்தி நகரில் முப்பத்தொரு வீடு,
ஒரு டியூஷன் சென்டர்,
கடைசியாக பிரிசில்லா அக்காவின் ஷெட்.
முன்பு ஜெராக்ஸ் கடை.
இப்போது இருபத்துமூன்று பூனை.

வருகிறவர்கள் குட்டிதான் கேட்பார்கள்.
வெள்ளையாக இருக்கிறதா, புசுபுசுவென்று இருக்கிறதா.
அட்டைப் பெட்டிக்குள் விரல் விட்டு
கடிபட்டுச் சிரிப்பார்கள்.
மூலையில் கிடந்ததை யாரும் கேட்டதில்லை.

குடியாத்தம் தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு ரூமில்
பதிமூன்று வருஷம் எலி பிடித்ததாம்.
பெயர் தாசில்தார்.
கட்டடத்தை இடித்தபோது
பழைய பட்டா நகல்களோடு சாக்கில் வந்தார்,
ஒரு கண்ணில் பால் படிந்து,
காது இரண்டும் கேட்காமல்,
பென்ஷன் இல்லாமல்.

அன்று கேனைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினேன்.
"ரெண்டு நிமிஷம் இதைப் பிடிங்க."
கையில் ஒரு சலைன் பாட்டில்.
"இன்னும் மேலே. இன்னும்."
கிட்னி போச்சு, தினமும் ஏத்தணும்,
ஸ்டாண்டு வாங்கக் காசு தேறல என்றார்.
ரெண்டு நிமிஷம் இருபது ஆனது.
இருபது கிலோவைத் தோளில் போட்டு
மூன்று மாடி ஏறுகிறவன்,
அரை லிட்டருக்குக் கை கடுத்தது.
வெளியே டாட்டா ஏஸில்
மீதிக் கேன்கள் வேலூர் வெயிலில் கொதித்தன.
யாரோ போனில் திட்டினார்கள்.
கையை இறக்க முடியவில்லை.
சாயங்காலமும்.

அம்சவேணி கதவைத் திறந்து
கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்தறது பத்தலியா?"
மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னதைச் சொன்னேன்:
ஆறு மாசம் இருக்கலாம்,
ஆறு வாரமும் இருக்கலாம்.
"அப்புறம் இன்னாத்துக்கு?"
எனக்கும் தெரியவில்லை.
விடிந்தால் ஆறே காலுக்கு அவளுக்குக் கம்பெனி பஸ்.
புளி கரைக்கப் போய்விட்டாள்.

குடித்த தண்ணீரெல்லாம் பாயில் போனது.
ஹவுஸ் ஓனர் மூக்கைப் பொத்திக்கொண்டு
வாடகை வாங்கினார்.
மூன்று நாள் நானே குத்தினேன்.
மூன்று நாளும் ஊசி மறுபக்கம் வந்து
என் சட்டைதான் நனைந்தது.
தாசில்தார் கத்தவில்லை.
மனுவோடு வந்தவனைப் பார்ப்பது போல
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

நாலாம் நாள்
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
பத்தொன்பது வருஷம் மேல்தோல் தைத்த கை
குறுக்கே நீண்டது.
"தள்ளு. தோலுன்னா எனக்குத் தெரியும்."
பிடரியைக் கிள்ளித் தூக்கினாள்,
கட்டை விரலால் தடவி இடம் பார்த்தாள்.
"இது காஞ்ச தோலு. சாய்ச்சு விடணும்."
ஊசி உள்ளே போனது
அவருக்கே தெரியவில்லை.

தோலுக்கடியில் தண்ணீர் கூடியது,
எலுமிச்சை அளவு, அப்புறம் கொய்யா அளவு,
மெல்ல முன்னங்காலுக்கு இறங்கியது.
பாலாற்றுப் பாலத்தைத் தினம் நாலு தடவை கடக்கிறேன்.
மேலே மணல், முள்செடி, லாரித் தடம்.
அடியில் ஓடுது என்பார் எங்கள் போர்க்காரர்,
சொல்லித்தான் விற்கிறார்,
வாங்கித்தான் நானும் விற்கிறேன்,
நம்பினதில்லை.
அன்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
சில்லென்றிருந்தது.

ஆடி பிறந்தது. ஆறு வாரம் தாண்டியது.
கம்பெனி விட்டு வந்த கையோடு
காலண்டர் பக்கத்தில் ஆணி அடித்தாள்.
"பாட்டிலை அதுல மாட்டிட்டுப் போய்த் தூங்கு."
மாட்டினேன். படுத்தேன்.
ஒரு புரளல்கூட ஆகவில்லை,
எழுந்து வந்து
ஆணியிலிருந்து எடுத்துத்
தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.
மடியில் அவர்,
விரலிடுக்கில் ஊசி.
"பேனாக் கோடு வந்ததும் சொல்லு."

அறுபதுதான் ஆகியிருந்தது.