மெகா பிளாக் ஞாயிறு

பதினொன்றிலிருந்து நாலு வரை
கல்யாணுக்கு அந்தப் பக்கம் வண்டி இல்லை.
தண்டவாளத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறார்களாம்.
பத்லாபூர் முழுக்க வீட்டில் இருக்கிறது.

இத்தனை பேரா நாம் என்று
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்
பி விங் வாசலில், பகல் வெளிச்சத்தில்.
மூன்றாம் மாடிக்காரருக்கு நெற்றியில் தழும்பு இருப்பது
எட்டு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் தெரிகிறது.

செக்ரெட்டரி மோரே மைக்கை ஊதிப் பார்க்கிறார்.
டேங்கர் பாக்கி பற்றி இரண்டு வார்த்தை,
பிறகு போட்டிகள்.
குழந்தைகளுக்கு எலுமிச்சை ஸ்பூன்
(விற்கிற விலையில் இந்த வருஷம் சின்ன உருளைக்கிழங்கு).
ஆண்களின் கயிறு இழுப்பில் கயிறே அறுந்து
இரண்டு பக்கமும் மல்லாந்து கிடந்தார்கள்.
பெண்களுக்கு மியூசிக்கல் சேர்.

பதிமூன்று பெண்கள், பன்னிரண்டு நாற்காலி.
மண்டபத்துக்காரனிடம் வாடகைக்கு எடுத்தவை,
யார் கல்யாணத்திலோ சிந்திய மஞ்சளோடு.

ஆட வந்தவர்களைப் பார்த்தேன்.
விளையாட்டு என்று நினைத்து வந்தவள் ஒருத்திகூட இல்லை.
எல்லோரும் லேடீஸ் டப்பா.
ஐந்து ஐம்பத்தொன்றின் பெண்கள்,
வண்டி நிற்கும் முன்னால் ஏறத் தெரிந்தவர்கள்,
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி
வளையலை முழங்கைக்கு ஏற்றி
ஜன்னலோரத்தில் கண்ணை வைத்துக் காலை வேறெங்கோ ஊன்றுகிறவர்கள்.

பாட்டு ஓடியது.
யாரும் ஆடி அசைந்து நடக்கவில்லை.

மூன்றாம் சுற்றில் சட்டென்று நின்றது,
பத்துப் பேரும் உட்கார்ந்துவிட்டோம்.
பார்த்தால், பாட்டு இருந்த போனுக்கு
மோரேயின் சம்பந்தி கூப்பிடுகிறார்.
செல்லாது, செல்லாது என்றது மைக்.
நாற்காலி கிடைக்காமல் நின்ற நஸீம்பானு மட்டும்
பலமாகக் கைதட்டினாள்.

குறைந்து குறைந்து
கடைசியில் ஒரு நாற்காலி, இரண்டு பேர்.
சுலபா கெய்க்வாட், ஏ விங், தாதரில் ஏதோ ஆபீஸ்.
தாராவியில் பத்துக்குப் பத்தை விற்று
இங்கே ஒன்றரை அறை வாங்கிய நான்.
மைக்கில் என் பெயர் 'இஸாக்கி மேடம்'.
இசக்கி என்று திருத்த நேரமில்லை.

அவளை எனக்குத் தெரியும்.
அதாவது, அவள் பின்னந்தலையைத் தெரியும்.
பூ வைக்கும் நாள், வைக்காத நாள்,
தூக்கத்தில் வாய் லேசாகத் திறப்பது,
முலுண்ட் தாண்டியதும் டிபனைத் திறந்து
முகர்ந்துவிட்டு மூடிவைப்பது.
பேசியதில்லை.

பாட்டு நின்றது.
உட்கார்ந்தேன். நான்தான். முழுதாக.
பத்லாபூரே பார்க்க, மொத்த நாற்காலியும் எனக்கு.
மோரே விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார்.
காதோரம், மூச்சிரைக்க, அவள்:
"ஜரா சர்க்கா."
தினமும் நூறு வாய் சொல்கிற அதே சொல்.
கொஞ்சம் நகரேன். கொஞ்சம் நகரேன்.

நகர்ந்தேன்.
யோசிக்கவே இல்லை,
இடுப்பு தானாக இடப்பக்கம் ஒதுங்கியது.
அவளுக்குப் பாதி நாற்காலி.
எனக்குப் பாதி நாற்காலி, பாதி அந்தரம்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மைக் கூவியது.
இதற்கு விதி இல்லை என்றார் மோரே.
ஏ விங் ஒரு கட்சி, பி விங் ஒரு கட்சி,
குஜராத்திக் கடைக்காரர் இரண்டு கட்சியும்.
நாற்காலியின் பின்கால் மெல்ல வளையத் தொடங்கியபோது
தீர்ப்பு வந்தது: இருவரும்.

பரிசோ ஒரே ஒரு ஹாட் பாக்ஸ்.
மூடி அவளுக்கு, பாத்திரம் இவளுக்கு என்று
யாரோ விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள்.
சுலபா மூடியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

ஏன் நகர்ந்தே என்று
வீட்டுக்காரர் ராத்திரி இரண்டு தரம் கேட்டார்.
அவ கேட்டா, என்றேன்.

திங்கள். ஐந்து ஐம்பத்தொன்று, நாலு நிமிஷம் தாமதம்.
மூன்று பேர் சீட்டில் நாலாவதாக
அரை இடுப்பை வைக்கிறேன்.
யாரும் கைதட்டவில்லை.
எதிர் வரிசையில் சுலபா, கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து.
மூடியைப் பற்றிக் கேட்கவேண்டும்.
முலுண்ட் தாண்டட்டும்.