நாற்பத்தி மூன்றாவது சுற்று

அம்பாறை டெக்கில் மோட்டார் சுற்றும் வகுப்பு.
பாடம் சிங்களத்தில்
நோட்ஸ் இங்கிலிஷில்
கரண்ட் அடித்தால்
அம்மே, அம்மா, உம்மா.

வாப்பாவுக்கு உகனவில் புடவைக்கடை.
கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தது என் சிங்களம்,
விலை குறைக்கத் தெரியும், ஏசத் தெரியாது.
அதனால் நடு வாங்கு எனக்கு.
திருக்கோவிலில் இருந்து வரும் நிருஜனுக்கு
நான்தான் காது.

"இன்னும் சுரண்டு" என்பார் சேர்.
இன்னும் சுரண்டட்டாம், என்பேன்.
"உனக்கெதுக்கடா இந்தப் படிப்பு?"
கொஞ்சம் கவனமாம்.
"மாட்டுக்குச் சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்கும்."
திரும்ப ஒருக்கா எண்ணிப் பாக்கட்டாம்.

அவன் தலையாட்டுவான்.
முதலில் இருந்து எண்ணுவான்,
நாற்பத்தி ஒன்று, நாற்பத்தி இரண்டு,
செப்புக் கம்பி விரலை அறுக்க அறுக்க.

சேர் எல்லாரையும்தான் ஏசுவார்.
மதுஷங்கவுக்கு அது நேராகப் போய்ச் சேரும்,
அவன் சிரித்துவிட்டு
நிருஜனைப் பார்த்து "மல்லி" என்பான்.
தம்பி என்கிறான் என்றேன் முதல் நாள்.
"ரசத்துக்குப் போடுறதெண்டு நினைச்சன்,"
என்றான் நிருஜன், முகத்தில் ஒன்றுமில்லாமல்.

பொய் பாவம் என்று தெரியும்.
நோன்பு மாதத்திலும் சொன்னேன்.

பிறகு எனக்கு டெங்கு. ஒன்பது நாள்.
வந்து இருந்ததும் மதுஷங்கதான் சொன்னான்:
கம்பி பழசு சேர், கை பிழையில்லை என்று
நிருஜன் எழும்பி நின்று சொன்னானாம்
சிங்களத்தில்.
தடித்த, மா ஒட்டிய, தெருச் சிங்களத்தில்.
எங்கே படித்தாய் என்று கேட்டாராம் சேர்.
மொனராகலையில், போறணையடியில்,
பாண் சுட்ட இரண்டு வருசம்.

எனக்குக் காது சுட்டது.
மாடு, வயல், மண்டையில் களிமண்,
நான் ஒளித்ததெல்லாம்
முதலில் அவனிடம் போய்விட்டுத்தான்
என்னிடம் வந்திருக்கிறது.

பஸ் நிலையத்தில் பிடித்துக் கேட்டேன்,
ஏன் ஒரு நாளும் சொல்லயில்ல?
கல்முனை பஸ் கத்திக்கொண்டு நின்றது.
பையை மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னான்:
"என்னை ஆரும் இப்பிடி
மரியாதையா ஏசினதில்ல."

மறுநாள் சேர் வந்தார்.
நிருஜனின் மோட்டாரைத் தூக்கிப் பார்த்தார்,
நீளமாக ஏதோ சொன்னார்.
வகுப்பு முழுக்க விளங்கியது.
அவன் மெதுவாக என் பக்கம் திரும்பி
வழமைபோலக் காத்திருந்தான்.

"நல்லாச் சுத்தியிருக்கயாம்," என்றேன்.

நாற்பத்தி மூன்றாவது சுற்று
கழன்று மேசையில் விழுந்தது.