வெட்டாத வேர்

மூன்று கழி, ஒரு கயிறு, நுனியில் தொங்கும் கல்.
கயிறு நடுக்கோட்டைத் தொட்ட இடமெல்லாம்
முளை அடித்துக்கொண்டே போனாள் இல்லியோனீஸ்,
மலையின் விலாவுக்குக் குறுக்கே.
அந்தக் கோட்டில் புல் நட்டு எட்டு வருடம்.

ஹைட்டியின் தெற்கில் அதற்கு வெத்திவே என்று பேர்.
நம் சொல்தான். கப்பலேறிப் போனதில்
கடைசி எழுத்தைக் கடலில் விட்டுவிட்டது.
வெட்டியெடுக்கும் வேர்:
பெயருக்குள்ளேயே மண்வெட்டியை வைத்துவிட்டோம்,
யோசிக்காமல்.

மழை அங்கே இறங்குவதில்லை, விழுகிறது.
விழுந்து ஓடிவரும் நீர் புல்வரிசையில் முட்டித் தயங்கும்;
தூக்கிவந்த மண்ணைக் கீழே வைத்துவிட்டு
வெறுங்கையோடு கசிந்து போகும்.
அப்படி வைத்த மண் இப்போது முழங்கால் உயரம்.
அதில் சோளம், துவரை,
ஒரு மூலையில் யாரும் நடாத பூசணி.

செப்டம்பரில் லாரி வந்தது.
கிலோவுக்கு இவ்வளவு என்று விரலில் காட்டினான் தரகன்.
வேரை அவித்து எடுக்கும் எண்ணெய்
எங்கோ ஒரு கழுத்தில் மணக்கும்.
மகனின் பள்ளிக் கட்டணம்
லாரிக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தது.

கீழ்வரிசை மட்டும் என்று சொல்லிக்கொண்டாள்.
கீழ்வரிசையிலும் மேற்கு ஓரம் மட்டும்.
ஆறு தூர்.
ஒவ்வொன்றும் ஆளுயரம் இறங்கி
மலையைப் பிடித்துக்கொண்டிருந்தது, விடவில்லை.
கைகள் மணந்தன.
அதை அவளால் மறுக்க முடியவில்லை.

அன்றிரவே மழை.
தண்ணீருக்கு வரிசை முழுதும் வேண்டாம்,
ஓர் ஆள் நுழையும் சந்து போதும்.

விடிந்தபோது கீழ்க்காட்டு ஃபிரிஸ்னெல்
இடுப்பில் கைவைத்து நின்றிருந்தான்,
எல்லைத் தகராறில் மூன்று வருடமாகப் பேசாதவன்.
அவன் அவரைமேல் ஒரு சாண் கருமண், அவளுடையது.
அதில் அவள் பூசணிக்கொடி, காயோடு.

"உன் நிலம் என்னிடம் வந்திருக்கிறது.
கூட்டிக்கொண்டு போ."

மண் தானாக ஏறவா செய்யும்?
வாளி வாளியாகச் சுமந்தார்கள் இருவரும்,
உச்சிவெயில்வரை. பாதிகூடத் தேறவில்லை.
பிறகு அவன் தன் வேலியிலிருந்து தூர் பிரித்துவந்து
ஒரு சாண்கூட இடம் விடாமல் சந்தை அடைத்தான்.
எல்லைக்கல் ஒரு முழம் நகர்ந்துவிட்டதென்று
நட்டுக்கொண்டே சண்டை போட்டான்.
அவளும் விடவில்லை.

வேர் விற்ற காசு ஒரு தவணைக்கு ஆயிற்று.
இரண்டாம் தவணைக்கு லாரி மறுபடி வரும்.
பூசணி யார் வீட்டு அடுப்பில் ஏறியது என்று
என்னிடம் எவரும் சொல்லவில்லை.